பக்கத்து இருக்கையின் பிரேக்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. போன முறை நானே எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறிக் கேட்டிருந்தாய், அது வெறும் என் கையெழுத்துதான், இருந்தாலும் இனி இந்த ஏற்பாடே நல்லது. இங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம், யாரும் நடுவழியில் நிற்கவில்லை, நீயும் அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுகிறாள். அவளுக்கு முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னாலும் வலிக்கிறது, மழையின்போது மட்டும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறாள், வாளி நிறைந்ததும் வாளியைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள். என் செருப்பில் வலது கால் மட்டும் மறுபடி முன்பக்கம் தேய்ந்துவிட்டது, இடது புதிதாகவே இருக்கிறது. தோல் சரியில்லை என்கிறார் கடைக்காரர். இரண்டும் ஒரே தோல்தானே என்று கேட்டால் அடுத்த ஜோடியை எடுத்துக் காட்டுகிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வேறு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை, இந்தக் காலத்து டிரைவர்கள் ஓட்டும் ஓட்டத்தில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான். நீ புது வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கராஜ் கதவில் இடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். இது எனக்கு விளங்கவே இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட காலத்தில் நீ ஒரு பூந்தொட்டியைக்கூடத் தொட்டதில்லை. என்னிடம் கற்ற எவருமே என் வண்டியில் எதிலும் மோதியதில்லை, நம் டிரைவிங் ஸ்கூல் போர்டிலேயே அப்படித்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் கதவுகளை எப்படி வைக்கிறார்களோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கற்றுக்கொண்ட நம் பழைய கறுப்பு வண்டி ஞாபகம் இருக்கும், ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர், கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். புது வண்டிகள் வந்ததும் கற்க வரும் பிள்ளைகள் இந்தப் பழையதில் ஏற வெட்கப்பட்டார்கள், பழைய ஆபீஸுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன், ஒரு வாரத்துக்கு என்றுதான் நிறுத்தினேன். இப்போது கொடி ஒன்று ஒரு ஜன்னல் வழியாக ஏறி மறு ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறது. பின் இருக்கையில் பூனை குட்டி போட்டிருந்தது, குட்டிகள் வளர்ந்து அவையும் குட்டி போட்டிருக்கின்றன, மொத்தத்தில் நம்மைவிட அவர்கள்தான் வண்டியை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போன மாதம் கட்டடத்துக்காரர் வந்து, மாஸ்டர், பின்னாடி நிக்கிறது காரா புதரா, அங்க கார் நிறுத்த இடம் கேக்கிறாங்க, அந்தக் காரை எடுத்துடுங்க என்றார். கார் நிறுத்துவதற்காகக் காரை எடுக்க வேண்டுமாம். பழைய இரும்பு எடுக்கிறவரையும் அவரே சொல்லி வைத்திருக்கிறார். நடுவில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் தொப்பியும் காந்தமுமாக வந்தார். அடிபட்ட இடத்தை எங்கேயாவது பூசி மறைத்திருக்கிறதா என்று காந்தத்தைத் தகரம் முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு, பாடி அப்படியே இருக்கு, அருமை, ஆனா இந்த ரெண்டாவது பெடலை வெச்சுக் கெடுத்துட்டீங்களே மாஸ்டர், ஒரிஜினல் போச்சே என்றார். அந்தப் பெடல் இருந்ததாலதாங்க பாடி ஒரிஜினலா இருக்கு, இல்லாட்டி முதல் மாசமே மரத்தில ஒட்டியிருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, காப்பாற்றத் தகுந்ததா இல்லையா என்று நாமே பார்த்துவிடுவோம் என்று லாரி பட்டறையிலிருந்து நம் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். டேங்கைக் கழுவினார், பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டு ஆயில் ஊற்றினார், கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார், வேறு பாட்டரி வைத்தார். சாவியைத் திருப்பியதும் இருமியது, புகை விட்டது, பிறகு பிடித்துக்கொண்டது பார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகைதான். மெக்கானிக் ஓட்டினார், நான் என் இடத்தில் உட்கார்ந்தேன், பின்னால் பாரத்துக்காக உன் தங்கையை ஏற்றினேன். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் ஒரு முழம் நகர்ந்தது, குலுங்கியது, நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. இறங்கித் தள்ளிப் பார்த்தோம், குழந்தை மாதிரி உருண்டது. ஏறி ஓட்டினால் நிற்கிறது. மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தள்ளினா போகுது, அதனால சக்கரத்தில் கோளாறு இல்ல, ஓட்டினா சாகுது, அப்ப இஞ்சின்ல இழுவை இல்ல, கியர்பாக்ஸும் போயிருக்கும், உயிர் இருக்கு மாஸ்டர், தெம்பு இல்ல என்றார். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன், மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ டெஸ்டில் தேறிய அன்று இந்த வண்டி உனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். உன் வார்த்தை வராமல் இரும்புக்காரரை உள்ளே விட மாட்டேன் என்று கட்டடத்துக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கலாம் என்றால் இருக்கிற ஒரே இடம் அம்மா துணிக்கொடி கட்டியிருக்கும் வீட்டோரம். அந்தப் பேச்சை எடுத்தேன், அவள் என்னைப் பார்த்தாள், வாளி இல்லாமலேயே பார்த்தாள், எடுத்த பேச்சை வைத்துவிட்டேன். இரும்புக்காரர் வண்டியை லாரியில் ஏற்றுகிற அன்றே ஸ்கூல் போர்டையும் கழற்றி மேலே போட்டு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். நானும் ஏறக்குறைய அதே மாடல்தான், உயிர் இருக்கிறது, தெம்பு இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து குழாயைச் சரிசெய்யலாம். நீ யோசித்து ஒரு வரி எழுது, போதும்.

தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து. பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, கழுத்து எதற்கு இருக்கிறது, திருப்பிப் பார். உன் பாதை முழுக்கப் பச்சை விளக்காக இருக்கட்டும், சிவப்பு வந்தால் பொறுமை இருக்கட்டும். பதிலை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, இது வேறு தாள். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வழக்கம்போல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கவரில் போட்டு ஒட்டி வை, காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிப் படுத்துவிட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், குழாய் சொட்டுவதால் பேனாச் சத்தம் யாருக்கும் கேட்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே அப்பா சொன்னதெல்லாம் உண்மைதான், ஒன்றே ஒன்றைத் தவிர. வண்டிக்கு ஒன்றுமில்லை. அப்பாதான் பிரேக்கை மிதித்தார்.

நான் பின்னால் நடுவில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண் முன்னாலேயே நடந்தது. மெக்கானிக் அண்ணன் கிளட்சை விட்டார், வண்டி நகர்ந்தது, அப்பாவின் வலது கால் தானாகப் போய்ப் பெடலில் உட்கார்ந்தது. வேகமாகக்கூட இல்லை, செருப்பு மாட்டுவதுபோல் மெதுவாக. வண்டி குலுங்கி நின்றதும் கால் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அப்பா முன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே சாலையே இல்லை, சுவர்தான் இருந்தது. மெக்கானிக் அண்ணன் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கீழே பார்க்கவே இல்லை. இறங்கித் தள்ளும்போது அப்பாவும் இறங்கிவிடுகிறார், அதனால்தான் குழந்தை மாதிரி உருண்டது. ஏறினால் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே கால், அதே பெடல். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள், பின்னாடி உக்காந்திருக்கிறவங்க என்ன செய்யணும் என்று அப்பா திரும்பாமலே கேட்டார். பேசக் கூடாது என்று நான் சொன்னேன். நம் ஸ்கூல் விதி உனக்குத் தெரியுமே, ஓட்டுகிறவருக்கு ஒரு வாத்தியார்தான் இருக்க வேண்டும். அப்புறம் மெக்கானிக் அண்ணன் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா பானட்டை மூடினார். இரண்டு தடவை மூடினார், முதல் தடவையே நன்றாகத்தான் மூடியிருந்தது. திரும்பி வரும் வழியில், ஏதோ ஒரு வண்டி தப்பாக வளைந்து போனது, அப்பா அதைத் திட்டவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, தெரியும்டி, சாப்பாட்டு மேஜையில யாராவது குழம்புக் கிண்ணத்தை வேகமா நகத்தினாலே அந்தக் கால் கீழே போகும், என் கால் மேலயே எத்தனை தடவை மிதிச்சிருக்கார் என்றாள். அப்படின்னா சொல்லிடலாமா என்று கேட்டேன். வாயைத் திறந்தா கொன்னுடுவேன், மனுஷனுக்கு முடி போச்சுன்னு சொல்லலாம், கண்ணு போச்சுன்னு சொல்லலாம், உங்க கால் உங்களைக் கேக்காம வேலை செய்யுதுன்னு ஒரு டிரைவிங் மாஸ்டர்கிட்ட போய் எப்படிச் சொல்லுவே, வண்டி போனாப் போகட்டும், அவர் மானம் இருக்கட்டும் என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் இன்றைக்கு அப்பா சொல்லச் சொல்ல, போர்டைக் கழற்றி அனுப்பிவிடலாம் என்பதை நான் என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது நிமிர்ந்து பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா, வண்டி போனால் ஸ்கூலும் போய்விடும். வண்டிக்கு ஒன்றுமே இல்லாதபோது போகப் போகிறது. சொன்னால் அப்பாவுக்கு அவமானம், சொல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை. இரண்டில் எது பரவாயில்லை என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ பதில் எழுதும்போது காலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. வண்டியை அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக அது நகர்வதைப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்பாவே எடுக்க வேண்டும், வேறு யார் எடுத்தாலும் கோணலாக வரும் என்று எழுது. படம் எடுக்க வேண்டுமென்றால் அப்பா வண்டிக்கு வெளியே நின்றாக வேண்டும். வண்டி தானாகப் போய்விடும். ஏன் போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள், மெக்கானிக் அண்ணன் தன் வேலைதான் என்று நினைத்துக்கொள்வார், நினைத்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ எப்படி ஒரு பூந்தொட்டியைக்கூடத் தொடவில்லை என்றும், அந்தக் கராஜ் கதவில் எப்படி இடித்தாய் என்றும் இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துவிடு. அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

உன் தங்கை

மகளே, இது என் சொந்தக் கையெழுத்து, வெளிச்சத்தில் வைத்துப் படி. நான் சொன்னது ஒரு தாள், காலையில் தபாலில் போட எடுத்தால் கவர் கனமாக இருந்தது. பிரித்துப் படித்தேன். உன் தங்கையைத் திட்டவில்லை. பின்னால் உட்கார்ந்தவர் பேசக் கூடாது என்பதுதான் விதி, எழுதக் கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை, அது விதி போட்டவனின் குறை. படித்துவிட்டு நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் என் வலது காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் எனக்காகவே வேலை பார்த்திருக்கிறது, ஒரு நாள் லீவு கேட்டதில்லை, அதன் மேல் எப்படிக் கோபப்படுவது. செருப்புக் கடைக்காரரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

படம் எடுக்கிற தந்திரம் நல்ல தந்திரம்தான், ஆனால் உன் பதில் வரும்வரை என்னால் இருக்க முடியாது. சின்னவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய், ஒரு சந்தேகம், வாங்க தம்பி என்று மட்டும் சொல்லி மெக்கானிக்கை இழுத்து வந்தேன். நான் பின்னால் உட்கார்ந்தேன், சின்னவளை என் இடத்தில் உட்கார வைத்தேன். கியர் போட்டார். போயிற்று. புதரைக் கிழித்துக்கொண்டு, பூனைகள் நாலு பக்கமும் சிதற, அரசாங்க வண்டி மாதிரி போயிற்று. மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை, இழுக்குது மாஸ்டர், இழுக்குது பாருங்க என்று முழுசாகப் பின்னால் திரும்பி என்னிடம் சொல்கிறார். எதிரில் சுவர். நான் பின்னால் இருக்கிறேன், வாயைத் திறக்க விதி இடம் தரவில்லை. என் கால் போய் மிதித்தது, அங்கே வெறும் தரைதான் இருந்தது. ஆனாலும் வண்டி நின்றது, சுவருக்கு ஒரு கை தூரத்தில், குலுங்கி, சுத்தமாக நின்றது. மெக்கானிக் தன் காலைக் குனிந்து பார்த்து, நான் மிதிக்கலையே என்றார். சின்னவள் முன் கண்ணாடி வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயா மிதிச்சே என்று கேட்டேன். நான் ஒண்ணும் பண்ணலையேப்பா என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும்.

ஆகவே வண்டி வைத்துக்கொள்ளத் தகுந்ததுதான். குறிப்பாகப் பிரேக் மிக நன்றாக இருக்கிறது, அதை முதல் நாளே நிரூபித்தவன் நான். போர்டைக் கழற்றுவது பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு, வேண்டாம், தாள் அசிங்கமாகும், படிக்காமல் விட்டுவிடு. போர்டில் இருக்கும், மோதியதில்லை என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒருவேளை எடுக்க மாட்டேன். உன் கராஜ் கதவுக்கு ஆகும் செலவில் பாதி என்னுடையது என்று வைத்துக்கொள். இப்போது ஒரே சிக்கல் துணிக்கொடி. வண்டி ஓடியது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்த வண்டி இல்லாவிட்டால் ஊருக்கே வர மாட்டேன் என்று நீ கெஞ்சிக் கேட்பதுபோல் ஒரு கடிதம் எழுது, அவள் பெயருக்கே எழுது, கொஞ்சம் அழுகையும் இருக்கட்டும். நல்லபடியாக இரு, கழுத்தைத் திருப்பிப் பார்த்து ஓட்டு.

அப்பா

கவர் இன்னும் கனமாகிவிட்டது, மேஜை மேலே வைத்துவிட்டு இவர் குளிக்கப் போயிருக்கிறார். நானும் படித்தேன். காலையில் இரண்டு பேரும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பியபோதே வண்டிக்காகத்தான் என்று புரிந்து, கொடியை அவிழ்த்து மாடியில் கட்டிவிட்டேன். உன் அப்பா கேட்டால் நீ அழுது எழுதியதால்தான் சம்மதித்தேன் என்று இருக்கட்டும், அதனால் மறக்காமல் அழுது எழுது. குழாய்க்கும் யாராவது இப்படி ஒரு கடிதம் எழுதினால் தேவலை. நன்றாக இரு, சாப்பிட்டாயா.

அம்மா